அறுபது குதிரைகளும் ஒரு நாற்காலியும்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

இப்படிக் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துவிடு. தொலைபேசியில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். நீயும் ‘சரி, சரி’ என்பதைத் தாண்டி எதுவும் சொல்வதில்லை. அதனால் எழுதுகிறேன். இது ஒரு விஷயமா என்று தோன்றினால் கிழித்துப் போட்டுவிடு.

இங்கே மூவரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அங்கே உன் துறைமுகத்தில் குளிர் எப்படி? கிரேன் கூண்டுக்குள் காற்று அடிக்குமா?

போன ஞாயிற்றுக்கிழமை உன் சங்கத்து நடுவர் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற சர்வேயர் என்று நீ சொல்வாயே, அவர்தான். செப்டம்பர் முதல் ஞாயிறு பாலத்துச் சண்டையை நடத்தப் போகிறார்களாம். உன் பக்கத்துக் குதிரைப்படை அறுபதும் வண்ணம் பூசி அன்று மேசைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் குதிரைப்படைத் தலைவரின் நாற்காலி மருந்துக்கடைக்காரருக்குப் போய்விடும், அவர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய போர் ஒன்றை விரல் நீளப் பிளாஸ்டிக் வீரர்களை வைத்து மறுபடி நடத்திப் பார்ப்பார்கள், அளவு டேப் வைத்து நகர்த்துவார்கள், பகடை உருட்டி யார் விழுந்தார்கள் என்று முடிவு செய்வார்கள் என்று நான் சொன்னேன். “அந்த நாற்காலிக்கு என்ன சம்பளம்?” என்று அப்பா கேட்டார். நடுவர் சிரிக்கவில்லை. “சம்பளம் ஒண்ணும் இல்லீங்க. ஆனா உங்க பையன் பதினாலு வயசுலேருந்து அதுக்காகத்தான் ஞாயித்துக்கிழமை தவறாம வந்தான்” என்றார்.

அவர் போனபிறகு உன்னைக் கேட்காமலே கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளைத் திறந்தேன். முப்பத்தாறு முடிந்திருக்கின்றன. இருபத்து நான்கு இன்னும் சாம்பல் நிறத்தில், வெட்டி எடுக்கப்படாமல் அச்சுச் சட்டத்தோடு இருக்கின்றன. அந்த இருபத்து நான்கை நான் செய்யட்டுமா? முதலில் முகமும் கையும், பிறகு துணி, கடைசியில் வார்ப்பட்டை என்று நீ போகும் வரிசை எனக்குத் தெரியும். எத்தனை வருடம் கதவருகே நின்று பார்த்திருக்கிறேன். நீ ஒரு நாளும் என்னைத் துரத்தியதில்லை. உள்ளே வா என்று கூப்பிட்டதும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 2

வாயாடிக்கு,

நீ இத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. காகிதத்தில்தான் உனக்கு வாய் திறக்கிறது போலிருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். வேலை அதிகம். அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. ஆட்டத்துக்கு நானே வந்துவிடுவேன். ஆனாலும் அந்த இருபத்து நான்கை நீ ஆரம்பி.

முதலில் கழுவ வேண்டும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் போட்டு, பழைய பிரஷ்ஷால் பல் தேய்ப்பது மாதிரி ஒவ்வொன்றையும் தேய். அச்சிலிருந்து வரும்போது பிளாஸ்டிக்கின் மேல் எண்ணெய் ஒட்டியிருக்கும். கழுவாமல் பூசினால் பெயின்ட் தோலாக உரிந்து வரும். இதில் சோம்பல் பட்டவன் தூரிகையைத் தொடவே கூடாது. ஒரு முழு நாள் காயவிட்டு அடிப்பூச்சு. வாள் வளைந்திருந்தால் சுடுநீரில் முக்கி நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் போடு, அப்படியே நிற்கும்.

எக்காளம் ஊதுகிற மூவருக்கு மட்டும் வெள்ளைக் குதிரை. புகைக்குள்ளும் தலைவன் கண்ணுக்கு அவர்கள் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் பழுப்பு. குதிரையைத் தனியாக, வீரனைத் தனியாகப் பூசு. ஒட்டுவது கடைசியில்.

முடிந்த முப்பத்தாறைத் தொடாதே.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்தது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று அதில் இல்லை என்று அம்மா குறைப்பட்டாள். அடுத்த தடவை ஒரு வரி எழுது.

நீ சொன்னபடியே கழுவினேன். ஆய்வகத்தில் நாள் முழுக்க தண்ணீர் மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டிவிட்டு வந்து, வீட்டில் குதிரைகளுக்குக் குளிப்பாட்டல். “டிகிரி வாங்கிட்டு பொம்மைக்கு சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார், எனக்குக் கேட்கும்படி.

ஒவ்வொரு குதிரையையும் ஒரு பாட்டில் மூடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு பூசுகிறேன். முதல் குதிரை மாடு மாதிரி வந்தது. இரண்டாவதுக்குக் கண் வைத்தபோது தூரிகை வழுக்கி அது எதையோ பார்த்துப் பயந்ததுபோல் ஆகிவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன். சண்டைக்குப் போகிற குதிரை பயப்படாதா?

சீருடைப் படத்தை வாங்க சனிக்கிழமை சங்கத்துக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேல் மாடி என்று தெரியும், படி அவ்வளவு குறுகலாக இருக்கும் என்று தெரியாது. உள்ளே பத்துப் பன்னிரண்டு ஆண்கள். நான் வாசலிலேயே நின்றேன். மருந்துக்கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். “என்னம்மா, அண்ணன் பொம்மையை விக்க வந்தியா?” என்றார். இல்லை என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். நடுவர் படத்தைக் கொடுத்து அனுப்பினார்.

ஆகஸ்டில் எந்தத் தேதி வருகிறாய் என்று அப்பா கேட்கிறார். கேட்கவில்லை என்பதுபோலக் கேட்கிறார். எழுது.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 27

வாயாடிக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

பச்சையை நேராக டப்பாவிலிருந்து எடுத்துப் பூசாதே. அடியில் கறுப்பு கலந்த பச்சை, மேலே தோளிலும் முட்டியிலும் மட்டும் வெளிச்சப் பச்சை. இவ்வளவு சின்ன உடம்பில் வெயில் தானாக விழாது. நாம்தான் பூச வேண்டும். வெள்ளைக் குதிரைக்கு வெறும் வெள்ளை அடித்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கும். மூக்கிலும் முழங்காலிலும் சாம்பல் தொடு.

மருந்துக்கடைக்காரர் சொன்னதை மனதில் வைக்காதே. அவர் பீரங்கியை நிறுத்துகிற இடத்தை மட்டும் கவனி. மனிதர் வாயால் அல்ல, பீரங்கியால்தான் ஆபத்து.

அண்ணன்


மே 16

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்தேன். நேராகவே எழுதிவிடுகிறேன். அறையைப் பெருக்கும்போது உன் முப்பத்தாறு இருக்கிற பெட்டியை நகர்த்தினேன். ஒரு குதிரை சாய்ந்து விழுந்தது. எடுத்து நிறுத்தினேன். அதன் தொடையின் பழுப்பு முழுதாக என் கட்டைவிரலோடு வந்துவிட்டது. கீழே பளபளவென்று சாம்பல் பிளாஸ்டிக்.

ஒன்றுதான் அப்படி என்று நினைத்தேன். ஆய்வகத்தில் செய்வதுபோல் ஒவ்வொன்றின் வயிற்றுக்கு அடியிலும் ஒட்டு டேப்பை ஒட்டி எடுத்துப் பார்த்தேன். முப்பத்தாறில் முப்பத்தொன்று உரிந்தது.

அண்ணா, இவற்றை நீ கழுவவில்லை.

பெட்டி மூடியில் நீ எழுதும் தேதிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் செய்யமாட்டாய். இந்த முப்பத்தாறையும் ஆறே நாளில் முடித்திருக்கிறாய், போன ஜூலையில். வெளிநாட்டு வேலைக்குப் போகிறேன் என்று நீ எங்களிடம் சொன்னது நவம்பரில், கிளம்புவதற்கு ஒன்பது நாள் முன்பு. போவது ஜூலையிலேயே உனக்குத் தெரியும் போலிருக்கிறது. அதற்கு மேல் நான் எதுவும் யோசிக்கவில்லை.

உன்னிடம் கேட்டுப் பதில் வர ஏழு வாரம் ஆகிறது. ஆட்டத்துக்குப் பதினாறு வாரம்தான் இருக்கிறது. அதனால் கேட்காமல் செய்துவிட்டேன். முப்பத்தாறையும் சோப்பு நீரில் ஊறவைத்து, தேய்த்து, வெறும் பிளாஸ்டிக் ஆக்கிவிட்டேன். உரியாத ஐந்தையும் சேர்த்துத்தான். ஒரு படைக்குள் இரண்டு பச்சை இருக்கக் கூடாது.

கோபப்படுவாய் என்று தெரியும்.

அன்புடன்,
தங்கை


ஜூன் 3

யாரைக் கேட்டுத் தொட்டாய்?

தொடாதே என்று எழுதியிருந்தேன். ஒரு தடவை படித்தால் புரியாதா உனக்கு? அது என் படை. அந்த ஆறு நாள் நான் எப்படி உட்கார்ந்து அவற்றை முடித்தேன் என்று உனக்குத் தெரியாது. அந்தத் தலைவனின் முகம் மாதிரி ஒன்றை இனி என்னால் செய்ய முடியாது. ஐந்து நன்றாக இருந்தது என்று நீயே எழுதுகிறாய், அதையும் அழித்திருக்கிறாய்.

தேதியைப் பார்த்துக் கணக்குப் போடுவதற்கா உன்னைப் படிக்க வைத்தோம்?

இனி நடப்பது நடக்கட்டும்.


ஜூன் 22

அன்புள்ள அண்ணா,

கோபத்தில் எங்கள் நலத்தைக் கேட்க மறந்துவிட்டாய். நான் கேட்கிறேன். நலமாக இருக்கிறாயா?

இந்தத் தடவை உன் பதில் ஐந்தே வாரத்தில் வந்துவிட்டது. இத்தனை நாள் தாமதம் தபாலால் இல்லை என்று அதில் தெரிந்துகொண்டேன்.

முதலில் செய்த இருபத்து நான்கும் முடிந்தன. உன்னுடையதில் பதினொன்று ஆகிவிட்டது. தலைவனின் முகத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். நீ செய்த மாதிரி வராது.

ஒரு விஷயம். அப்பா வேலைசெய்யும் வெல்டிங் பட்டறையில் ஒரு விளக்குத் தண்டு செய்து கொண்டுவந்தார், வேண்டிய பக்கமெல்லாம் வளைகிற மாதிரி. என் மேசையில் திருகிவிட்டு, “கண்ணு கெட்டுப்போச்சுன்னா லேபுல தண்ணி எது ஆசிட் எதுன்னு எப்படிப் பாப்ப?” என்றார். பிறகு ஒரு குதிரையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  கீழே ரொம்ப மெதுவாக வைத்தார்.

ஆகஸ்டில் வந்து என்னை நேரில் திட்டு. எந்தத் தேதி?

தங்கை


ஜூலை 26

வாயாடிக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். போன கடிதத்தைக் கிழித்துவிடு. அம்மாவின் கண்ணில் படக் கூடாது.

விடுமுறை கிடைப்பதில் கொஞ்சம் இழுபறி. ஒருவேளை தாமதமானால் என்று, இத்துடன் ஆறு உறைகள் வைத்திருக்கிறேன். சங்கத்தின் விதி நடுவருக்குத் தெரியும்: வர முடியாதவன் சுற்றுக்கு ஓர் உறை என்று உத்தரவை ஒட்டி அனுப்பலாம். அந்தந்தச் சுற்று வரும்போது பிரித்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிப்பவர் எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நீ வாசி.

இன்னொன்று. கறுப்புக் கைப்பிடி உள்ள என் சன்னத் தூரிகையைத் தபாலில் அனுப்பு. பழுப்பும் பச்சையும் ஒவ்வொரு டப்பா. இங்கே ஞாயிற்றுக்கிழமை நகரவே மாட்டேன் என்கிறது.

அண்ணன்


ஆகஸ்ட் 15

அன்புள்ள அண்ணா,

நீ கேட்டவற்றைக் கம்பளிச் சட்டைக்குள் சுற்றி அனுப்பிவிட்டேன். அடுத்த மாதம் வரப்போகிறவனுக்கு இப்போது எதற்குத் தூரிகை என்று அம்மா கேட்டாள். பழகிக்கொள்ளத்தான் என்றேன். அவள் சட்டையின் பொத்தான்களை மறுபடி ஒரு தடவை இறுக்கித் தைத்துவிட்டு, அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நானும் உன்னைக் கேட்கவில்லை.

அறுபதும் முடிந்தது. தலைவனின் முகம் நான்காவது முயற்சியில் வந்தது. கொஞ்சம் சிடுசிடுப்பாக இருக்கிறான்.

அன்று சங்கத்து மண்டபத்தில் பதினெட்டுப் பேர் இருப்பார்களாம். நான் வாசிக்க மட்டும்தான் போகிறேன். அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக வாசித்துப் பழகுகிறேன், உறைகளை அல்ல, ஆய்வக அறிக்கைகளை. இரண்டாவது வரியிலேயே குரல் உள்ளே போய்விடுகிறது.

உடம்பு பத்திரம்.

அன்புடன்,
தங்கை


ஆகஸ்ட் 18

வாயாடிக்கு,

வர முடியவில்லை. அம்மாவிடம் பக்குவமாகச் சொல். உறைகளில் உள்ளதை அப்படியே வாசி. எதையும் மாற்றாதே.

அண்ணன்


செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் நலம். நீ நன்றாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன்.

ஆட்டம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

அறுபது பேரையும் தட்டில் வரிசையாக நிறுத்தி எடுத்துப் போனேன். சைக்கிள் கடைப் படியில் அப்பா எனக்கு முன்னால் பின்பக்கமாக ஏறினார், தட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு. மண்டபத்துக்குள் வரவில்லை. கீழே நிற்கிறேன் என்றார். மேசையில் வைத்ததும் எல்லோரும் சுற்றி வந்தார்கள். நடுவர் ஒரு குதிரையின் காலை நகத்தால் கீறிப் பார்த்தார். பெயின்ட் வரவில்லை. தலையாட்டினார்.

ஆறாவது சுற்று முடியும்போது பாலமும் இடப்பக்கக் குன்றும் நம் கையில் இருந்தால்தான் வெற்றி. உன் நாற்காலி கிடைக்காததால் இந்தத் தடவையும் எதிர்ப்பக்கத்துப் பீரங்கிகள்தான் மருந்துக்கடைக்காரரிடம். முதல் உறையில் ஆற்றங்கரையோடு முன்னேறச் சொல்லியிருந்தாய். இரண்டாவதில் மரங்களுக்குப் பின்னால் நிற்கச் சொல்லியிருந்தாய். இரண்டும் சரியாகவே இருந்தன. உன் நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் நின்று வாசித்தேன். குரல் சின்னதாகத்தான் வந்தது, ஆனால் கேட்டது.

அதற்குள் அவர் எட்டுப் பீரங்கிகளையும் இடப்பக்கக் குன்றுக்கு நேராகத் திருப்பிவிட்டார். நீ சொன்னபடி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது உறையைப் பிரித்தேன். ‘முழுப் படையும் இடப்பக்கக் குன்றின் மேல் ஏறட்டும்.’

உன் தப்பு இல்லை. ஜூலையில் எழுதிய காகிதத்துக்குச் செப்டம்பரில் பீரங்கி எங்கே நிற்கும் என்று எப்படித் தெரியும்? ஆனால் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாசித்தேன். அவர்களை ஏற்றினேன். பகடை உருண்டது. பதினெட்டுப் பேரைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார்கள். ஒவ்வொருவருடைய வார்ப்பட்டையும் நான் எந்த நாளில் பூசியது என்று எனக்கு ஞாபகம் இருந்தது.

“அடுத்த தபாலைப் பிரிம்மா. அண்ணன் இன்னும் எங்க போய்ச் சாகச் சொல்றார்னு பாக்கலாம்” என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரித்தார்கள்.

நான்காவது உறை கையில் இருந்தது. ஓரத்தைக் கிழிக்க விரலை வைத்தேன். பிறகு மேசையின் மேல் வைத்துவிட்டேன்.

“இதைப் பிரிக்கலைங்க” என்றேன். “மிச்சம் இருக்கிறவங்க கீழ இறங்கட்டும். பாலத்துக்குப் பின்னாடி.”

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். “இது யாரு உத்தரவும்மா?”

“என்னோடது.”

விதி அப்படி இல்லை என்று மருந்துக்கடைக்காரர் எழுந்தார். உறையை மாற்றி வாசித்தால்தான் குற்றம், வாசிக்காமல் விடக் கூடாது என்று எழுதவில்லை என்றார் நடுவர். ஆளுக்கொன்று பேசினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.  கடைசியில் நடுவர் தன் கையாலேயே நாற்பத்திரண்டு பேரையும் கீழே இறக்கினார்.

அதற்குப் பிறகு இருந்த இரண்டு சுற்றுக்கும் நானே சொன்னேன். எப்போது உன் நாற்காலியில் உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாவது சுற்று முடிந்தபோது பாலத்தின் மேல் பதினோரு பேர் இருந்தார்கள். குன்று அவர்களுக்கு, பாலம் நமக்கு. வெற்றியும் இல்லை தோல்வியும் இல்லை என்று நடுவர் எழுதிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் வந்து, “நீ இறக்கலேன்னா அடுத்த சுத்துல ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீழே அப்பா சைக்கிள் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். ஜெயிச்சியா என்று கேட்டார். விழவில்லை என்றேன்.

நான்கு, ஐந்து, ஆறு, மூன்று உறைகளையும் பிரிக்காமல் இத்துடன் அனுப்புகிறேன். அவற்றில் என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

நீ தூரிகை கேட்டபோதே ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டாய் என்று தெரிந்துவிட்டது. எத்தனை வருடம் என்று நான் கேட்கப் போவதில்லை. அம்மாவிடமும் அப்பாவிடமும் நான் சொல்லப் போவதில்லை. வேலையாக இருக்கிறான் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மீதியை நீதான் சொல்ல வேண்டும், அண்ணா. அதற்கு உறை போட்டு என்னிடம் அனுப்பாதே. அவர்களுக்கு நேராக எழுது. போன வருட ஜூலையிலேயே எங்களிடம் சொல்லியிருந்தாலும் போகாதே என்று யாரும் உன்னைக் கட்டிப் போட்டிருக்க மாட்டோம். குதிரைகளை நிதானமாகக் கழுவியிருக்கலாம்.

குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்.

அன்புடன்,
தங்கை

கடிதத்தை மடித்து ஒட்டப் போனேன். மறுபடி பிரித்துவிட்டேன். இதைக் கேட்காமல் அனுப்பினால் இனி எப்போதும் கேட்கமாட்டேன்.

நாற்காலி இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது. நீ எழுத்தில் கொடுத்தால்தான் இன்னொருவருக்குப் போகும் என்கிறார் நடுவர். அடுத்த மாதக் கடைசிக்குள் அவருக்கு உன் காகிதம் வர வேண்டும். பதினாலு வயதிலிருந்து அது உனக்கு என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அதை எனக்குக் கொடு. நீ திரும்பி வரும்வரை என்று எழுதாதே. எனக்கே என்று எழுது.